இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால்

என் பழைய காரில் பெட்ரோல் முள் அரை டேங்கிலேயே முழு டேங்க் காட்டியது. கூடவே டெம்பரேச்சர் முள்ளும் சிவப்புக் கோட்டை நெருங்கியது. ரேடியேட்டரில் தண்ணீர் சரியாக இருந்தது, கொதிக்கவும் இல்லை. மெக்கானிக் டேங்க் மிதவையை மாற்றச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு முள் மட்டும் தப்பாகக் காட்டினால் அதன் சென்சாரையோ வயரையோ சந்தேகப்படலாம். இரண்டும் சேர்ந்து ஏறினால் பொதுவான இடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

இந்த வகைக் கார்களில் மீட்டருக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு சூடாகி வளைந்து மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும். இரண்டு முள்ளுக்கும் சராசரியாக 10 வோல்ட் போகும். வெளிவரும் முனையில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் விளக்கு மினுக்க வேண்டும். எனக்கு அணையாமல் எரிந்தது. அப்படியென்றால் பேட்டரியின் முழு வோல்டேஜும் நேராகப் போகிறது!

கழற்றிப் பார்த்தால், அதைப் பிடிக்கும் திருகில் ஒரே துரு. மின்சாரம் காரின் உலோக உடல் வழியாகத் திரும்புவதற்கான எர்த் இணைப்பு அந்தத் திருகுதான்; அது கிடைக்காததால் தகடு சூடாகவே இல்லை. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, திருகையும் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து இறுக்கினேன். விளக்கு மினுக்கத் தொடங்கியது, பெட்ரோல் முள்ளும் மெதுவாக இறங்கி அரை டேங்கில் நின்றது.