எரிபொருள் தீர்ந்த சிறு விமானத்தைத் தரையிறக்கும் முறை

எரிபொருளைச் சரிவரக் கையாளாததால் 2011 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட சிறு விமான விபத்துகள் நேர்ந்தன என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-இல் எச்சரித்தது. இவற்றில் பெரும்பாலானவை தரையிலேயே தவிர்த்திருக்கக்கூடியவை என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

புறப்படுமுன் எரிபொருள் காட்டும் முள்ளை மட்டும் நம்பாமல், டேங்க் மூடியைத் திறந்து அளவுக்குச்சியை விட்டுப் பார்த்து, கிடைத்த அளவை நேரமாக மாற்றிக்கொள்ளுங்கள். மணிக்கு 34 லிட்டர் செலவழிக்கும் எஞ்சினுக்கு, பயன்படுத்தத்தக்க 136 லிட்டர் என்பது நான்கு மணி நேரம். 100 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் 200 கடல் மைலை இரண்டு மணி நேரத்தில் கடக்கும் விமானம், 30 நாட் எதிர்க்காற்றில் அதே தூரத்திற்கு 2 மணி 51 நிமிடம் எடுத்துக்கொண்டு, 29 லிட்டரைக் கூடுதலாகக் குடித்துவிடும். வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பதற்கான காட்சி விதிகளின்படி பறப்பவர்களிடம் அமெரிக்கச் சட்டம் கேட்கும் கையிருப்பு பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம். ஒரு மணி நேரத்திற்குக் குறைவாக வைத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். கணக்கு இடித்தால், எஞ்சின் ஓடும்போதே அருகிலுள்ள ஓடுதளத்தில் இறங்குங்கள். அது இல்லாவிட்டால், நல்ல வயலொன்றைத் தாழப் பறந்து பார்த்து இறங்குவதுகூட, எஞ்சின் நின்றபின் கிடைத்த இடத்தில் விழுவதைவிட எவ்வளவோ மேல்.

எஞ்சின் நின்றுவிட்டால், மூக்கைத் தாழ்த்தி, எஞ்சின் இல்லாமல் அதிக தூரம் செல்ல உதவும் சறுக்குவேகத்தைப் பிடிப்பதே முதல் வேலை. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் பல வகைகளுக்கு அது 65 முதல் 68 நாட். காற்றில்லாத நேரத்தில் 3,000 அடி உயரத்திலிருந்து அந்த விமானம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சறுக்கும். வயலைத் தேர்ந்து அதை நோக்கித் திரும்பியபின், டேங்க் மாற்றும் திருகு, எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் பிடி, கார்பரேட்டரில் பனி உறையாமல் சூடாக்கும் கார்பரேட்டர் ஹீட் ஆகியவற்றைச் சரிபாருங்கள். பைப்பர் செரோக்கி என்ற சிறு விமானத்தில் இரு டேங்குகளிலிருந்தும் ஒருசேர எடுக்கும் நிலை கிடையாது. ஆகவே ஒன்று வற்றி நின்ற எஞ்சின், மற்றொன்றுக்கு மாற்றி பம்ப்பைப் போட்டதும் உயிர்பெறலாம். பிறகுதான் ரேடியோ: பேசிக்கொண்டிருந்த அலைவரிசையிலோ 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையிலோ "மேடே" என்ற ஆபத்து அழைப்பை மும்முறை சொல்லி, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற அவசரக் குறியீட்டை இடுங்கள்.

வயல் காற்றை எதிர்நோக்கியதாகவும், உழவுசால் நீளவாக்கில் ஓடுவதாகவும், மின்கம்பிகள் குறுக்கிடாததாகவும் இருக்கட்டும். கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பங்களைத் தேடுங்கள். எட்டாது என்று தோன்றும் வயலுக்காக மூக்கைத் தூக்கவே கூடாது. வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழந்து, கட்டுப்பாடின்றி விழுவது அப்படித்தான்.

ஒன்பது மடங்கு ஈர்ப்புவிசைக்கு ஈடாக வேகம் குறையுமானால், மணிக்கு 80 கிலோமீட்டரில் மோதும் விமானம் நிற்க 2.8 மீட்டர் போதும். 160 கிலோமீட்டரில் 11 மீட்டருக்கும் மேல் வேண்டும். எனவே வயல் உறுதியானதும் மெதுவாகப் பறக்க உதவும் இறக்கை மடிப்பான ஃபிளாப்பை முழுவதும் இறக்கி, எரிபொருள் திருகையும் மின்சாரத்தையும் அணைத்து, கதவுகளைச் சற்றே திறந்துவைத்து, இருக்கையின் தோள்வாரை இறுக்கி, இறக்கைகள் சமமாக இருக்க, கட்டுப்பாடு கைநழுவாத மிகக் குறைந்த வேகத்தில் தொடுங்கள். விமானம் நின்றதும் எல்லோரையும் இறக்கி, காற்று வரும் திசையில் விலகி நின்று, அவசர சமிக்ஞைக் கருவி இயங்குகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.