ராகூ பொலோன்யேசே: பெரும்பாலும் சொதப்புறது எங்கன்னா...

ராகூன்னா பாஸ்தாக்கு கறிய மெதுவா வேகவச்சு பண்ற சாஸ், பொலோன்யேசேன்னா இத்தாலில இருக்கிற பொலோன்யா ஊர் பாணி. பொலோன்யேசே சாஸ்னு தேடிப் பாருங்க, வர்ற போட்டோல முக்காவாசி ரத்தச் சிவப்பா, குழம்பு மாதிரி தளதளன்னு, மேல ரெண்டு பேசில் இலையோட இருக்கும். அதை நம்பி நாமளும் அரைக் கிலோ கறிக்கு ஒரு கிலோ தக்காளி அரைச்சு ஊத்திடுறோம், அப்புறம் மூணு மணி நேரம் அடுப்புல கிடந்தாலும் புளிப்பு போக மாட்டேங்குது, ஏன்னு புரியாம சர்க்கரைய அள்ளிப் போடுறோம். இது தக்காளி சாஸே இல்லீங்க, கறி சாஸ். தக்காளி கொஞ்சம் நிறத்துக்கும் கொஞ்சம் புளிப்புக்கும்தான்.

பொலோன்யா ஊர்ல இருக்கிற வர்த்தக சபைல 1982-ல இத்தாலிய சமையல் அகாடமி இதுக்குன்னு ஒரு ரெசிபிய அதிகாரபூர்வமா பதிவு பண்ணி வச்சிருக்கு, 2023-ல அதைப் புதுப்பிச்சாங்க. அந்தப் புது கணக்குல மாட்டுக்கறி 400 கிராம், பான்செட்டா (கொழுப்போட இருக்கிற பன்னி வயித்துக்கறி) 150 கிராம், தக்காளி விழுது வெறும் 200 கிராம், கூட ஒரு ஸ்பூன் கெட்டி பேஸ்ட். அவ்ளோதான். இன்னும் பின்னாடி போனா 1891-ல இத்தாலிய சமையல் புத்தக ஆசிரியர் பெல்லெக்ரினோ அர்தூசி எழுதின பொலோன்யா பாணி குறிப்புல தக்காளியே கிடையாது.

பூண்டும் கிடையாது. இதைச் சொன்னா நிறைய பேருக்கு கோவம் வரும், ஆனா அந்த வர்த்தக சபை ரெசிபில கூடாதுன்னு போட்டிருக்கிற லிஸ்ட்ல பூண்டு, ரோஸ்மேரி, பார்ஸ்லி, கெட்டியாக்குறதுக்குப் போடுற மாவு எல்லாம் இருக்கு. ஆரிகானோ தூவுறதும் அதே கேஸ்தான். ஜாதிக்காய் மட்டும் ஒரு சிட்டிகை துருவிப் போட்டா பரவால்ல. கரம் மசாலா போட்டா நல்லாத்தான் இருக்கும், யார் இல்லன்னா, அதுக்குப் பேர் கைமா மசாலா.

வெங்காயம், கேரட், செலரி மூணும்தான் அடித்தளம். இங்க நடக்கிற தப்பு மிக்சி. ஒரு சுத்து சுத்தினா அது தண்ணி விட்டு கூழாயிடும், எண்ணெய்ல வதங்காம வெந்துதான் போகும், பச்சை வாசனை கடைசி வரைக்கும் நிக்கும். கத்தியால பொடிசா நறுக்குங்க, சிம்ல 10, 15 நிமிஷம் பொறுமையா வதக்குங்க, பொன்னிறம் கூட வேணாம், கண்ணாடி மாதிரி ஆகி லேசா இனிப்பு வாசனை வந்தா போதும். சர்க்கரை போட வேண்டிய வேலைய இந்த கேரட்டும் வெங்காயமும் பார்த்துக்கும்.

அடுத்தது கறி வறுக்கிறது. சாஸ் தேறுமா தேறாதாங்கிறது பெரும்பாலும் இங்கயே முடிவாயிடும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கொத்துக்கறிய ஜில்லுன்னு மொத்தமா பாத்திரத்துல கொட்டுறோம், சட்டி சூடு டக்குனு இறங்குது, கறி தண்ணி விடுது, அந்தத் தண்ணிலயே அது வேகுது. தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரிய தாண்டாது, கறி நல்லா சிவந்து அந்த வறுவல் மணம் வரணும்னா சுமார் 140 டிகிரி வேணும். அதனால சாம்பல் கலர்ல உருண்டை உருண்டையா நிக்குது, நம்மளும் வெந்துடுச்சுன்னு நினைச்சு தக்காளிய ஊத்திடுறோம். அதுக்கப்புறம் எத்தனை மணி நேரம் கொதிக்க வச்சாலும் அந்த ருசி வராது.

இதுக்கு கண்ண விட காதுதான் நல்ல தெர்மாமீட்டர். போட்ட உடனே சுர்ருனு சத்தம் வரும், அப்புறம் தண்ணி விட்டதும் சத்தம் அமுங்கி குமுகுமுன்னு கொதிக்கிற சத்தமா மாறும், அங்க விட்டுடாம தீயக் கொஞ்சம் ஏத்தியே வச்சா தண்ணி வத்தி கொழுப்பு மட்டும் மிஞ்சி மறுபடி படபடன்னு பொரியிற சத்தம் கேட்கும், அடில பழுப்பா ஒட்ட ஆரம்பிக்கும். அதான் இடம். கறி நிறைய இருந்தா ரெண்டு மூணு தடவையா பிரிச்சு வறுங்க, காய் வதக்கின சட்டிலயே பண்ணா காய் கருகும்னு பயமா இருந்தா கறிக்கு தனி வாணலி வச்சுக்கோங்க. விடாம கிளறிக்கிட்டே இருக்காதீங்க, ரெண்டு நிமிஷம் கைய கட்டிட்டு நில்லுங்க.

கறி தேர்வுலயும் ஒண்ணு இருக்கு. கொழுப்பே இல்லாத கறிதான் உடம்புக்கு நல்லதுன்னு வாங்கிட்டு வந்தா மூணு மணி நேரம் கழிச்சு மணல் மாதிரி வாய்ல திரியும். ஜவ்வு, கொழுப்பு ரெண்டும் இருக்கிற கழுத்து, முன்னங்கால் சப்பை மாதிரி பகுதிதான் இதுக்கு சரி, அந்த ஜவ்வுதான் மெதுவா உருகி சாஸுக்கு வழவழப்பு குடுக்கும். ரொம்ப நைஸா அரைக்க வேணாம், கொரகொரன்னு இருக்கட்டும். மாடு, பன்னி சாப்பிடாதவங்க ஆட்டுக்கறில தாராளமா பண்ணலாம். அது பொலோன்யா ஆகாது, ஆனா இத்தாலிலயே அப்ருத்சோ பக்கம் ஆட்டுக்குட்டிக் கறி ராகூ காலங்காலமா பண்றதுதான்.

ஒயின் ஊத்துறவங்க அது முழுசா வத்துறதுக்குள்ள தக்காளிய போட்டுடுறாங்க, அப்புறம் சாஸ்ல ஒரு காரமான சாராய நெடி நிக்குது. மூக்க கிட்ட கொண்டு போனா சுருக்குனு ஏறக்கூடாது, அதுக்கப்புறம் அடுத்தது. சிவப்போ வெள்ளையோ எதுனாலும் ஓகே, ஒயினே வேணாம்னா எலும்பு ஸ்டாக் (எலும்பு வேகவச்சு வடிச்ச தண்ணி) ஊத்தி அடில ஒட்டினத சுரண்டி விடுங்க, வினிகர் ஊத்தாதீங்க. தக்காளி பேஸ்ட்ட நேரா தண்ணில கரைக்காம கொழுப்புலயே ஒரு நிமிஷம் பிரட்டி கலர் கொஞ்சம் இருண்டதும் மத்தத ஊத்துங்க. பால் பாதி வேக்காட்டுல கொஞ்சம் கொஞ்சமா, தீ ரொம்ப கம்மியா இருக்கும்போது ஊத்தணும், லேசா திரிஞ்ச மாதிரி தெரிஞ்சா பதறாதீங்க, கலந்துடும், புளிப்ப அடக்குறதுல அதுக்கு நிகர் இல்ல.

இனிமே வேலையே இல்லன்னு நினைச்சு தீய ஏத்தி வச்சுட்டு சீரியல் பார்க்கப் போறது அடுத்த தப்பு. தளதளன்னு கொதிச்சா கறி இறுகும், அடியும் பிடிக்கும். அங்கங்க ஒரு குமிழி சோம்பேறித்தனமா மேல வந்து ப்ளப்னு உடையணும், மூடி பாதி மூடி, ரெண்டுல இருந்து மூணு மணி நேரம். வத்தினா சூடான ஸ்டாக் ஒரு கரண்டி, பச்சத்தண்ணி வேணாம். ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு வந்துச்சுன்னா ஆச்சு, அந்த எண்ணெய எடுத்துக் கீழ ஊத்திடாதீங்க, பாஸ்தால ஒட்டுறதே அதுதான். குக்கர்ல வச்சா என்னன்னு கேப்பீங்க, வைக்கலாம், ஜவ்வு உருகிடும், ஆனா குக்கர் தண்ணிய வெளிய விடாது, அதனால திறந்த பிறகு அரை மணி நேரமாவது வத்த விடணும். பழைய அலுமினியச் சட்டி மட்டும் வேணாம், தக்காளிப் புளிப்பு அதோட சேர்ந்து உலோக ருசி வரும்.

உப்ப ஆரம்பத்துலயே முழுசா போட்டா செத்தீங்க. பான்செட்டால உப்பு, ஸ்டாக் க்யூப்ல உப்பு, மேல துருவுற பார்மிஜானோ சீஸ்ல உப்பு, சாஸ் வேற பாதியா வத்தப் போகுது.

நேப்பிள்ஸ் ராகூ ரெசிபியையும் இதையும் கலக்குறவங்க இருக்காங்க. அங்க கறி முழுத் துண்டா, தக்காளி நிறைய, அரை நாள் வரைக்கும் கூட அடுப்புல இருக்கும், சாஸ் முதல்ல பாஸ்தாக்கு, கறி தனியா ரெண்டாவதா. ரெண்டுமே நல்லாருக்கும், ஆனா ஒண்ணோட தக்காளி அளவ இன்னொண்ணுக்குப் போட்டா ரெண்டும் கெட்டான்.

அப்புறம் ஸ்பகெட்டி. 2019-ல பொலோன்யா மேயரா இருந்த வீர்ஜினியோ மெரோலாவே இந்த ஸ்பகெட்டி பொலோன்யேசே எங்க ஊர்ல கிடையாதுப்பான்னு ட்விட்டர்ல புலம்பினார். அவங்க ஊர்ல முட்டை போட்ட தாலியாத்தெல்லேங்கிற நாடா மாதிரி பாஸ்தாதான், அதுக்கும் வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும்னு 1972-ல தங்கத்துல மாதிரி செஞ்சு அதே வர்த்தக சபைல வச்சிருக்காங்க, கொஞ்சம் ஓவர்தான். ஆனா விஷயம் இருக்கு, வழுக்கிற மெல்லிசு ஸ்பகெட்டில கறி ஒட்டாம தட்டு அடில தங்கிடும். அகலமான எதுவா இருந்தாலும் சரி, ரிகத்தோனி மாதிரி குழல் கிடைச்சா அதுவும் சரி. வெள்ளப் பாஸ்தா மேல சாஸ மலை மாதிரி குவிக்காம, பாஸ்தாவ சட்டிலயே போட்டு அது வெந்த தண்ணி அரைக் கரண்டி விட்டு ஒரு நிமிஷம் பிரட்டுங்க.

மிச்சத்த பாத்திரத்தோட ராத்திரி முழுக்க அடுப்பு மேலயே விடாதீங்க, அகலமான தட்டுல ஆற வச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல, மூணு நாள் தாங்கும், ஃப்ரீசர்ல ரெண்டு மூணு மாசம் கூட ருசி குறையாது. மறுநாள் எடுக்கும்போது ஜெல்லி மாதிரி உறைஞ்சு நிக்கும், கெட்டுப் போச்சுன்னு கொட்டிடாதீங்க, அது உருகின ஜவ்வுதான், ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு சிம்ல சூடு பண்ணுங்க.