கிட்னி வைத்தபின் மாத்திரையில் செய்யக்கூடாத தவறுகள்

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. ரத்தம் எடுக்கும் இடத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி, இருபத்தைந்து வயது இருக்கும். அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம், அப்பா கொடுத்த கிட்னி என்றார். பேசிக்கொண்டே பையைத் திறந்து, டாக்ரோலிமஸ் (வைத்த கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் காக்கும் மருந்து) கேப்ஸ்யூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டார்.

"தம்பி, ரத்தத்துல இந்த மருந்தோட லெவல் பார்க்கத்தானே வந்திருக்கீங்க?"

"ஆமாக்கா. வெறும் வயித்துல வரச் சொன்னாங்க, சாப்பிடல. மாத்திரைக்குத் தண்ணி குடிக்கலாம்ல?"

எனக்கு வயிறு கலங்கியது. இதே தவறைச் செய்து, அம்மா கொடுத்த கிட்னியில் ஒரு பங்கை இழந்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். மாத்திரையை மறக்காதீர்கள், கூட்டத்தில் மாஸ்க் போடுங்கள், வெளிச் சாப்பாடு வேண்டாம் என்பதையெல்லாம் டிஸ்சார்ஜ் அன்றே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

லெவல் பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போவது

2012-இல் எனக்கு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. எட்டாவது மாதம், தாம்பரத்திலிருந்து காலை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், வழக்கம்போல ஏழு மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்பினேன். ஒன்பதரைக்கு ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை போட்டாயா என்று எடுத்தவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. ரிப்போர்ட்டில் டாக்ரோலிமஸ் 17.8 என்று வந்தது. அதற்கு முந்தைய மாதம் 7 இருந்தது. இவ்வளவு ஏறினால் கிட்னிக்கே கெடுதல் என்று, வேளைக்கு 3 மில்லிகிராமாக இருந்ததை 2 ஆக மருத்துவர் குறைத்தார். அவர் கையில் இருந்த எண்ணுக்கு அதுதான் சரியான முடிவு. எண் தப்பு.

ஐந்து வாரம் கழித்துப் பார்த்தபோது லெவல் 3.6. கிரியேட்டினின் (கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.1-லிருந்து 1.9 ஆகியிருந்தது. இந்த ஐந்து வாரமும் எனக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீர் நன்றாகவே போனது. கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பயாப்ஸி செய்தார்கள். ரிஜெக்ஷன், அதாவது உடம்பு கிட்னியை ஒதுக்கத் தொடங்கியிருந்தது. மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். கிரியேட்டினின் 1.5-இல் வந்து நின்றது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. அம்மாவிடம் முழுக் காரணத்தைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது.

நடந்தது இதுதான். டாக்ரோலிமஸ் விழுங்கிய ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும், அப்புறம் மெதுவாக இறங்கும். அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்னால், அதாவது பன்னிரண்டு மணி நேரம் ஆனபோது, அது மிகக் குறைவாக இருக்கும். அந்தக் குறைந்த அளவைத்தான் மருத்துவர் பார்க்க விரும்புகிறார். 'முதல் மாதங்களில் எட்டு பத்து இருக்கட்டும், போகப்போக ஐந்து ஆறு ஏழு போதும்' என்று அவர்கள் பேசும் கணக்கெல்லாம் அந்த நேரத்துக்கானது. நான் கொடுத்தது உச்சத்தில் இருந்த ரத்தம்.

மாத்திரையை முன்னால் போடுவது மட்டும் அல்ல, முந்தின ராத்திரி வேளை தள்ளிப்போனாலும் எண் கெடும். கல்யாண வீட்டிலிருந்து வந்து பதினொரு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, காலை எட்டுக்கு ரத்தம் கொடுத்தால் ஒன்பது மணி நேரம்தான் ஆகியிருக்கும். அளவு கூடுதலாகக் காட்டும். ராத்திரி ஏழுக்கே போட்டுவிட்டு, கூட்டத்தில் மாட்டிப் பதினொன்றுக்கு ரத்தம் கொடுத்தால் குறைவாகக் காட்டும், டோஸை ஏற்றுவார்கள். இந்த மருந்து அளவு மிஞ்சினால் காப்பாற்ற வேண்டிய கிட்னியையே கெடுக்கும். கை நடுங்கும், சர்க்கரை ஏறும்.

நான் இப்போது செய்வது: முந்தின ராத்திரி சரியாக எட்டரைக்கு மாத்திரை. காலையில் டாக்ரோலிமஸை மட்டும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கையோடு எடுத்துப் போகிறேன். ரத்தம் எடுக்கும் சீட்டின் மேல் 'கடைசி மாத்திரை: நேற்று இரவு 8.30' என்று பேனாவால் எழுதிவிடுகிறேன். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே மாத்திரையை விழுங்குகிறேன். இன்னொரு பக்கம், 'வெறும் வயிறு' என்றதும் பிரஷர் மாத்திரை உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வந்து பிரஷர் ஏறி உட்காருபவர்களும் உண்டு. எதை நிறுத்த வேண்டும், எதைப் போட வேண்டும் என்று முதல் தடவையே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மறந்து போட்டுவிட்டீர்களா? ரத்தம் கொடுக்காதீர்கள். இன்னொரு நாள் வாருங்கள். ஒரு நாள் சம்பளம் போகும், ரயிலில் திரும்பவும் வர வேண்டும், தெரியும். தப்பான எண் அதைவிடப் பெரிய செலவு வைக்கும். அந்தத் தம்பியையும் அப்படித்தான் கவுண்டரில் சொல்லிவிட்டு வியாழக்கிழமை வரச் சொன்னேன். இவ்வளவு வருடம் ஆகியும், ரத்தம் எடுக்கும் இடத்தில் 'மாத்திரை போட்டீர்களா' என்று கேட்காமலே ஊசியை எடுப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரே ஒரு கேள்வி!

தெருமுனை மருந்துக் கடை

தொண்டை வலி, படர்தாமரை, முட்டி வலி என்று கடையில் நின்று கேட்பது நமக்குப் பழக்கம். இனி முடியாது. தொண்டைக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் இரண்டும், டாக்ரோலிமஸைக் கல்லீரல் உடைப்பதைத் தடுக்கும். மருந்து ரத்தத்தில் தேங்கி லெவல் எகிறும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறு, லெவலைத் தரைமட்டமாக்கிவிடும். வலிப்புக்கான ஃபெனிடோயினும் லெவலைக் குறைக்கும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கிட்னியை நேராகவே தாக்கும். அசாதயோப்ரின் (கிட்னி வைத்தவர்களுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்து) சாப்பிடுபவருக்கு யூரிக் அமிலம் என்று யாராவது அலோபுரினால் எழுதிக் கொடுத்தால், வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவராகவே இருந்தாலும், வாயைத் திறக்கும் முன் "கிட்னி வைத்திருக்கிறேன், இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறேன்" என்று மாத்திரைச் சீட்டை நீட்டுங்கள்.

ஒரே பெயர், இரண்டு மாத்திரை

டாக்ரோலிமஸில் தினம் இரண்டு வேளை போடுவது ஒன்று, ஒரே வேளை போடும் மெதுவாகக் கரைவது இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது. வேறு கம்பெனி மாத்திரையையும் கடைக்காரர் சொல்கிறார் என்று வாங்காதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மருத்துவருக்குத் தெரிந்து மாற்றி, லெவல் பார்க்க வேண்டும். பழைய அட்டையை எடுத்துப் போய் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

பம்ப்ளிமாஸ்

வேண்டாம், இதுவும் லெவலை ஏற்றிவிடும். அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் வேண்டாம்.

வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டிலேயே சமாளிப்பது

வயிற்றுப்போக்கில் மருந்து வெளியே போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். டாக்ரோலிமஸ் லெவல் அப்போது ஏறவே செய்யும். கத்திரி வெயிலில் உடம்பில் நீரும் வற்றினால் கிட்னிக்கு இரட்டை அடி. அன்றே போன் செய்யுங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

தடுப்பூசி

உயிருள்ள கிருமியால் செய்தவை (எம்.எம்.ஆர்., சின்னம்மை) நமக்குக் கூடாது. ஃப்ளூ ஊசி போடலாம்.

குழந்தை ஆசையை மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பது

கல்யாணமான பெண்கள் இதைப் பேசத் தயங்குகிறார்கள். டாக்ரோலிமஸோடு சேர்த்துக் கொடுக்கும் மைகோஃபெனோலேட் சாப்பிடும்போது கரு தரித்தால் கலையலாம், குழந்தைக்குக் குறைபாடு வரலாம். கருத்தரிக்க முயலும் முன் குறைந்தது ஆறு வாரமாவது அதை நிறுத்தியிருக்க வேண்டும், பதிலுக்குப் பெரும்பாலும் அசாதயோப்ரினுக்கு மாற்றுவார்கள். நீங்களாக நிறுத்தினால் கிட்னிக்கு ஆபத்து. வெட்கப்படாமல் கேளுங்கள். கிட்னி வைத்த பிறகு தாயானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் கையிருப்பு இல்லாமல் இருப்பது

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முடிச்சூர் பக்கம் இருந்தோம். வீட்டில் இரண்டு நாளுக்குத்தான் மாத்திரை இருந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்றாம் நாள் என் தம்பி தாம்பரம் வரை போய், ஏழு கடை ஏறி இறங்கி, பாதி அட்டை வாங்கி வந்தான். இந்த மாத்திரை எல்லாக் கடையிலும் இருக்காது. அக்டோபர் பிறந்ததும் இருபது நாள் மாத்திரையை ஈரம் புகாத டப்பாவில் போட்டு, சீட்டின் நகலோடு பரண்மேல் வைத்துவிடுகிறேன்.