செல் சுவரில்லாப் பாக்டீரியாவை வளர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல் சுவர் இன்றியே வளர்ந்து பெருகும் எல்-வடிவ பாக்டீரியாவை வளர்க்க வரும் புதிய மாணவர்கள், ஆண்டு மாறினாலும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். கிருமிநீக்கம் போன்ற, எல்லாரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

உருண்டை எல்லாம் எல்-வடிவம் அல்ல

பேசிலஸ் சப்டிலிஸ் என்னும் கோல் வடிவ பாக்டீரியாவை, சுவரைக் கரைக்கும் நொதியான லைசோசைமும், செல் வெடிக்காமல் காக்கும் சுக்ரோஸும் கலந்த ஊடகத்தில் இட்டால், சுவர் கரைந்து அவை உருண்டைகளாகின்றன. நுண்ணோக்கியில் அதைக் கண்டவுடனேயே, எல்-வடிவம் கிடைத்துவிட்டதென்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் கிடைத்திருப்பது புரோட்டோபிளாஸ்ட், அதாவது சுவர் உரிக்கப்பட்ட செல் மட்டுமே. அது உயிரோடிருக்கும், பருக்கும், ஆனால் பெருகாது. இந்த ஒரு தவறு மட்டும் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது, ஏனெனில் இதன்மேல் கட்டப்படும் வேலை முழுவதும் வீணாகிறது. ஒரு மாணவி இத்தகைய உருண்டைகளிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்தெடுத்து, செலவுமிக்க வரிசையறிதலுக்கும் அனுப்பிவிட்டார். முடிவுகள் பொருந்தாததால், ஒரே உருண்டையை இரவு முழுவதும் தொடர்ந்து படமெடுக்கச் சொன்னேன். அது உப்பியது, உள்ளே குமிழிகள் தோன்றின, விடியுமுன் வெடித்தது, ஒருமுறைகூடப் பிரியவில்லை.

காரணம் வடிவியலில் இருக்கிறது. ஒரு கன அளவைச் சூழ மிகக் குறைந்த பரப்பு போதுமான வடிவம் கோளம்; அது இரண்டாகப் பிரிய வேண்டுமானால், உள்ளடக்கம் பெருகுவதைவிட வேகமாகச் சவ்வுப் பரப்பு பெருக வேண்டும். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் எரிங்டன் குழு 2013-இல் இதைத்தான் காட்டியது: கொழுப்பமில ஆக்கத்தைக் கூட்டி மிகைச் சவ்வை உண்டாக்கினால், செல் நெளிந்து, கிளை நீட்டி, சிறு துண்டுகளாகப் பிரிகிறது. வழக்கமான செல் பிரிவுக்கு இன்றியமையாத எஃப்.டி.எஸ்.இசட். புரதம்கூட இதற்குத் தேவையில்லை என்பதை அக்குழு 2009-லேயே நிறுவியிருந்தது. சுவாசச் சங்கிலியிலிருந்து எழும் ஆக்சிஜனேற்றச் சேதமும் தணிய வேண்டும். அதனால்தான் சுவரை உரித்தால் மட்டும் போதுவதில்லை. தொடர் படமெடுப்பில் பிரிவதைக் கண்டு, மறுவளர்ப்பிலும் வளர்வதை உறுதிசெய்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

பெனிசிலினை இடையில் நிறுத்துவது

பெனிசிலின் சுவர் உருவாவதைத் தடுக்கும் மருந்து. சுவராக்க மரபணுக்கள் பழுதுபடாத வகையானால், அது நீங்கியதும் சில செல்கள் மீண்டும் சுவர் எழுப்பிக்கொள்ளும். வேகமாக வளரும் அந்தக் கோல்களே விரைவில் குடுவையை நிறைக்கும்.

வெறும் நீரில் கழுவுவது

வெடித்துவிடும். சுக்ரோஸ் ஊடகத்திலேயே கழுவுங்கள்.

வோர்டெக்ஸில் (குழாயை வேகமாகக் குலுக்கும் கருவியில்) கலக்குவது

கூடாது.

மைக்கோபிளாஸ்மாவோடு குழப்பிக்கொள்வது

மைக்கோபிளாஸ்மா இயல்பிலேயே சுவரில்லாத பாக்டீரியா. இரண்டின் திரள்களும் அகாரில் ஆஃப்பாயில் முட்டைபோல், நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். 1935-இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் எல்-வடிவத்தைக் கண்டறிந்த எம்மி கிளீனெபெர்கரே, அதனை ஸ்ட்ரெப்டோபாசிலஸ் என்னும் பாக்டீரியாவோடு சேர்ந்து வாழும் வேறோர் உயிரி என்றுதான் முதலில் கருதினார். மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவர் கட்டும் மரபணுக்களே இல்லை. பெனிசிலினும் அதனை ஒன்றும் செய்யாது என்பதால், உங்கள் ஊடகத்தில் அது தடையின்றி வளரக்கூடும். ஆகவே திரளின் தோற்றத்தை நம்பாமல், பாக்டீரியா இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவை வரிசையறிந்து, தாய் வகையோடு ஒப்பிட்ட பின்பே உறைநிலைச் சேமிப்பில் வையுங்கள்.