காடைக் குஞ்சு பொரிப்பும் வளர்ப்பும்: குஞ்சு கைக்குத் தங்காமல் போவது எதனால்?

காடைக் குஞ்சு முட்டையை விட்டு வெளியே வரும்போது 7, 8 கிராம்தான் இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் வைத்ததே தெரியாது. கோழிக் குஞ்சு அதைப் போல ஐந்து மடங்கு எடை. இதை மனதில் வைத்துக்கொண்டாலே காடை வளர்ப்பில் நடக்கும் தவறுகளில் பாதி விளங்கிவிடும். கோழி வளர்த்த அனுபவத்தை அப்படியே காடைக்குக் கொண்டுவருகிறோம். ஆனால் குளிரும் ஈரமும் பட்டால் கோழிக் குஞ்சு சமாளிக்கும் அளவுக்கு இந்தச் சின்ன உடம்பு சமாளிக்காது.

முதல் ஏமாற்றம் அடையில்தான். வீட்டில் வளர்க்கும் ஜப்பானியக் காடை பெரும்பாலும் அடை உட்காராது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே வளர்ந்ததில் அந்தக் குணம் மங்கிப்போய்விட்டது. எங்கோ ஒன்று உட்காரலாம். அதை நம்பி முட்டைகளைக் கூண்டிலேயே விட்டுவைத்தால் மிதிபட்டு வீணாகும். முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டியான இன்குபேட்டர்தான் வழி. அடைக்கோழிக்கு அடியில் வைக்கலாமே என்றால், கனமான கோழி இந்த மெல்லிய ஓட்டை நொறுக்கிவிடும். கோழியிடமிருந்து காடைக்கு நோய் தொற்றும் ஆபத்தும் உண்டு. அதனால் வளர்க்கும்போதும் இரண்டையும் ஒரே இடத்தில் அடைக்காதீர்கள்.

பொரிக்கவில்லை என்றதும் எல்லோரும் இன்குபேட்டரைத்தான் குறை சொல்கிறோம். பல நேரம் முட்டை உள்ளே போவதற்கு முன்பே காரியம் கெட்டிருக்கும். அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதுவரை கூர்முனை கீழே இருக்கும்படி, வெயிலும் சூடும் படாத குளுமையான இடத்தில் வைத்தால் போதும். எச்சம் ஒட்டியிருக்கிறதே என்று கழுவாதீர்கள். ஓட்டின் மேல் கிருமியைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது, கழுவினால் அது போய்விடும். அழுக்கு முட்டையைச் சமையலுக்கு ஒதுக்கிவிட்டு, சுத்தமான முட்டையை அடைக்கு எடுங்கள். விரிசல் விட்டதும், அளவுக்கு மீறிப் பெரிதும் சிறிதுமானதும் வேண்டாம்.

அப்புறம் வெப்பம். நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மின்விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பெட்டியின் திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்புவது பெரிய தவறு. அரை டிகிரி, ஒரு டிகிரி தள்ளிக் காட்டுவது சாதாரணமாக நடக்கிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும், முனை நனையக்கூடிய இன்னொரு தெர்மாமீட்டரையும் ஒரே கோப்பை வெதுவெதுப்பான நீரில் பிடித்துப் பாருங்கள். எவ்வளவு வித்தியாசம் என்பது தெரிந்துவிடும். சரிபார்த்த தெர்மாமீட்டரை முட்டையின் உயரத்திலேயே வையுங்கள், மூடியில் ஒட்ட வேண்டாம். சூடு கூடினால் குஞ்சு முன்னதாகவே, தொப்புள் சரியாக மூடாமல் வரும். குறைந்தால் நாள் தள்ளிப்போய், தளர்ந்த குஞ்சாக வரும். முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் வெறும் பெட்டியை ஓடவிட்டு, வெப்பம் நிலைக்கிறதா என்று பாருங்கள்.

ஈரப்பதத்தில் நடக்கும் தவறு வேறு. ஆசையில் அதிகமாகத் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். அடைகாலத்தில் முட்டை தன் எடையில் 12 சதவீதம் அளவுக்கு நீரை இழந்தால்தான் உள்ளே காற்றறை பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அங்கிருந்துதான். முதல் 14 நாள் 45 முதல் 50 சதவீதம் போதும். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது முட்டையைத் திருப்பி வையுங்கள். 14-ஆம் நாளுக்குப் பிறகு திருப்புவதை நிறுத்திவிட்டு, ஈரப்பதத்தை 65, 70-க்கு உயர்த்துங்கள்.

அதன் பிறகு மூடியைத் தொடாதீர்கள். 16-ஆம் நாள் மாலையோ 17-ஆம் நாளோ ஓட்டில் நட்சத்திரம் போல ஒரு சின்ன விரிசல் தெரியும். அப்புறம் பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. நம் பொறுமை போய்விடும் நேரம் அது. உள்ளே குஞ்சு சும்மா இல்லை; படலத்தின் ரத்தக் குழாய்கள் வற்றி, மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு முறை நான் பாவம் பார்த்து ஓட்டைப் பிய்த்துவிட்டேன். நகம் பட்ட இடத்தில் ஊசி முனை அளவு ரத்தம் கசிந்தது, அந்தக் குஞ்சு விடியும்வரை கூட இருக்கவில்லை. பக்கத்து முட்டைகளில் படலம் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டதும் நான் மூடியைத் திறந்ததால்தான். தானாக வரும் குஞ்சு, மூடியைக் கத்தரித்தது போல முட்டையின் அகலமான பக்கத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டு வெளியே உந்தும். வயிற்றில் மஞ்சள் கரு இருப்பதால், ஒரு நாள் வரை தீனியும் தண்ணீரும் இல்லாமல் உள்ளேயே இருக்கலாம். முடி காய்ந்து பஞ்சு போல ஆனபிறகு எடுங்கள்.

விளக்குச் சூட்டில் குஞ்சு வளர்க்கும் பெட்டியான புரூடருக்கு வந்த முதல் நாளே காத்திருக்கும் எமன் தண்ணீர்க் கிண்ணம். விரல் உயரத் தண்ணீரில் கூடக் காடைக் குஞ்சு மூழ்கிவிடும். கிண்ணத்தில் கூழாங்கல்லோ கோலிக்குண்டோ நிறையப் போட்டு, இடுக்கில் மட்டும் தண்ணீர் தெரியும்படி வையுங்கள். தரையில் வழுவழுப்பான செய்தித்தாள் விரித்தால் கால்கள் வழுக்கி, இரண்டு பக்கமும் அகன்று முடமாகிவிடும். சொரசொரப்பான துணி போதும். முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறையுங்கள். இங்கே தெர்மாமீட்டரை விடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். விளக்கடியில் ஒன்றின் மேல் ஒன்று குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு. பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி.

தீவனத்தில் 24 சதவீதத்துக்குக் குறையாமல் புரதம் வேண்டும். குருணை பெரிதாக இருந்தால் பொடித்துக் கொடுங்கள். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சுக்கு ஆகாது.

பயந்தால் காடை நேராக மேலே எம்பும். இரண்டு, மூன்று அடி உயரக் கூண்டில் வேகம் எடுத்து மண்டை அடிபட்டுச் சாகும். 25, 30 சென்டிமீட்டர் உயரமே போதும். அல்லது ஆள் உயரக் கூண்டாக இருக்கட்டும். நடுத்தர உயரம்தான் ஆபத்து. மேல்பக்கம் துணி வலை கட்டினால் இன்னும் நல்லது.

மூன்றாவது வாரத்தில் மார்பைப் பாருங்கள். புள்ளியில்லாமல் செம்பழுப்பாக இருந்தால் பொதுவாக ஆண், புள்ளிகள் இருந்தால் பெண். ஆறு, ஏழு வாரத்தில் முட்டை தொடங்கிவிடும், அதற்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்று விடுங்கள். ஆண் அதிகமானால் பெண்களின் தலையும் முதுகும் ரோமம் உதிர்ந்து புண்ணாகும். ஒரே கூட்டத்து அண்ணன் தங்கைகளையே திரும்பத் திரும்பச் சேர்ப்பதும் பெரிய தவறு. உறவுக்குள் இணைந்தால் கெட்டுப்போவது காடையில் மிக வேகமாகத் தெரியும். இரண்டு, மூன்று தலைமுறைக்குள்ளேயே பொரிப்பு குறைந்து, கருவிலேயே சாவது கூடும். வேறு இடத்திலிருந்து புதிய ஆண்களை வாங்குங்கள். வந்ததும் மூன்று வாரம் தனிக் கூண்டில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் சேர்த்து விடுங்கள். எந்தக் கூண்டு முட்டை என்று ஓட்டில் பென்சிலால் எழுதிவிட்டால், அடுத்த தலைமுறையில் யாரை யாரோடு சேர்ப்பது என்ற குழப்பம் வராது.