செம்பனைத் தோட்டத்தின் இடக்குறி: ஐரோப்பியச் சட்டத்துக்கு நம் பக்கம் தயாராவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைப் பழம் வாங்கும் ரேம்ப் ஒன்றில் எடைச் சீட்டு எழுதுகிறேன். நாலைந்து ஏக்கர் வைத்திருக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் அடிக்கடி கேட்பது: "ஐரோப்பாவுக்கு நாம் என்ன எழுதிக் கொடுக்கணும்?"

நேராக எதுவும் எழுத வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் பொதுவாக 2023-இல் வந்த காடழிப்புத் தடைச் சட்டப்படி, பொருளை அங்கே இறக்குபவர்தான் அறிக்கை கொடுக்க வேண்டும். பழம் எந்த நிலத்தில் விளைந்தது என்பது அதில் இருந்தாக வேண்டும். எங்கே விளைந்தது என்று தெரியாத பழம் கலந்தால் அந்த எண்ணெய் அங்கே போகாது. விவரம் இல்லாத சின்னத் தோட்டங்களை மில்கள் ஒதுக்கிவிடுமோ என்பதுதான் என் கவலை. இரண்டு முறை தள்ளிப்போன சட்டம், பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 முதல் நடப்புக்கு வருகிறது.

முதலில் இடக்குறி, அதாவது நிலம் எங்கே இருக்கிறது என்று காட்டும் எண்கள். வீட்டில் உட்கார்ந்து எடுக்காதீர்கள், நிலத்துக்கே போங்கள். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தால் நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும். ஓலை அடர்ந்த இடத்தில் அது பெரிதாக இருக்கும். வெட்டவெளியாகப் பார்த்து நின்று, வட்டம் சுருங்கியதும் புள்ளியின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் வரும். நம் வட்டாரத்தில் முதல் எண் 4-இலும் அடுத்தது 101-இலும் தொடங்கும். ஒவ்வொரு எண்ணிலும் தசமப் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் வேண்டும். 4 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 10 ஏக்கர் வரை இந்த ஓர் இடத்தின் எண்கள் போதும். அதற்கு மேல் என்றால் எல்லையைச் சுற்றிப் பல இடங்களில் இப்படி எடுக்க வேண்டும்.

அப்புறம், காடாக இருந்ததை 2020 டிசம்பர் 31-க்குப் பின் அழித்திருந்தால், அந்த நிலத்துப் பழம் ஐரோப்பாவுக்கு ஆகாது. எங்கள் பக்கத்து மாமா 2021-இல் பழைய ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார், அதனால் பயந்துகொண்டிருந்தார். ரப்பர் தோட்டம் அந்தச் சட்டத்தில் காடு ஆகாது. ஆனால் செயற்கைக்கோள் படத்தில் மரம் வெட்டியது மட்டும் தெரியும். அதனால் ரிஸ்டா (சிறு ரப்பர் தோட்டக்காரர்களுக்கான அரசு அமைப்பு) தந்த மறுநடவுக் கடிதம், ரப்பர் விற்ற ரசீது, பழைய படம் என்று கையில் இருப்பதையெல்லாம் எடுத்து வையுங்கள்.

கிராண்ட் (நிலப் பட்டா), நிலவரி ரசீது, எம்பிஓபி எனும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் லைசென்ஸ் ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். கிராண்ட் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால், பெயர் மாற்றத்துக்கு நில அலுவலகத்தில் இப்போதே மனு கொடுங்கள், அதற்கு நாளாகும். எம்எஸ்பிஓ எனும் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் இருந்தால் பாதி ஆவணம் தயார் என்று சொல்லலாம், ஆனால் அது இடக்குறிக்கு ஈடாகாது. சந்தேகம் வந்தால் எம்பிஓபியின் துனாஸ் அதிகாரியைக் கேளுங்கள், சிறு தோட்டக்காரர்களுக்கு வழிகாட்டுவதே அவர் வேலை.

எல்லாவற்றையும் பழம் போடும் ரேம்ப்பில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து கேளுங்கள். இரண்டு இடத்தில் நிலம் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்.