பெயின்டிங் பிரஷ்ஷைக் கழுவிப் பாதுகாப்பது எப்படி?

கையில் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். முடியைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் உலோகப் பூண் இருக்கிறதே, முடி அதற்குள்ளும் போகிறது. உள்ளே பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். பெயின்ட் அங்கே புகுந்து காய்ந்துவிட்டால் முடி அகலமாக விரியும், நுனி கூராகச் சேராது. பிரஷ் பாழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நுனி சுத்தமானதுமே கழுவுவதை நிறுத்திவிடாதீர்கள்.

1. வரையும்போதே கவனம்

முடியின் பாதி வரை பெயின்ட் தொட்டால் போதும். பிரஷ்ஷைத் தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிறுத்தி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். நுனி வளைந்துவிடும், கைப்பிடி மரம் ஊறி உப்பி, மேல்பூச்சு வெடித்து, நாளடைவில் பூண் ஆட ஆரம்பிக்கும்.

2. முதலில் துடையுங்கள்

பழைய பருத்தித் துணியால் பூணிலிருந்து நுனியை நோக்கி இழுத்துத் துடையுங்கள். இங்கேயே பாதிக்கு மேல் பெயின்ட் வந்துவிடும்.

3. அலசுங்கள்

வாட்டர் கலர் காய்ந்தாலும் மறுபடி தண்ணீரில் கரையும், அவசரமில்லை. அக்ரிலிக் அப்படியல்ல. அதிலுள்ள தண்ணீர் ஆவியானதும் பிளாஸ்டிக் படலமாக இறுகிவிடும், அப்புறம் தண்ணீர் எதுவும் செய்யாது. அதனால் வரைந்து முடித்த கையோடு கழுவிவிடுங்கள். சாதாரணத் தண்ணீரே போதும். வெந்நீர் பூணுக்குள் இருக்கும் பசையை இளக்கிவிடும்.

ஆயில் பெயின்ட் என்றால் தண்ணீருக்கு முன்னால் டர்பன்டைனில் அலசித் துடைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த நெடி பிடிக்காதவர்கள் சூரியகாந்தி எண்ணெயில் முக்கித் துடைக்கலாம், நன்றாகவே வேலை செய்கிறது. அழுக்கு டர்பன்டைனை சிங்க்கில் கொட்டாதீர்கள். பாட்டிலில் மூடி வைத்தால் நிறம் அடியில் படியும், மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம்.

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: ஆயில் பெயின்ட்டில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றலாம். வெளியே விரித்துக் காயவிட்டு, பிறகு அப்புறப்படுத்துங்கள்.

4. சோப்புப் போடுங்கள்

சாதாரணக் குளியல் சோப்பு போதும். ஈரமான பிரஷ்ஷைச் சோப்பில் தடவி, உள்ளங்கையில் மெதுவாக வட்டமாகச் சுழற்றுங்கள். குத்தி அழுத்தாதீர்கள். நுரை வந்ததும் பூணுக்குச் சற்று மேலே முடியை இரு விரல்களால் பிடித்துப் பிதுக்கிப் பாருங்கள். நுனி வெளுத்திருந்தாலும் அங்கிருந்து நிறம் கசியும். நுரை வெள்ளையாகும் வரை சோப்புப் போட்டு அலசுங்கள். தேலோ நீலம் போன்ற சில நிறங்கள் வெள்ளை நைலான் முடியில் சாயமாகவே ஒட்டிக்கொள்ளும். நுரை வெள்ளையாக இருந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

காட்மியம், ஈயம் கலந்த நிறங்களைப் பயன்படுத்தியிருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

5. காயவிடுங்கள்

நுனியை விரலால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, முடிப்பகுதி மேஜை விளிம்புக்கு வெளியே இருக்கும்படி படுக்கவையுங்கள். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் பூணுக்குள் இறங்கும். முழுக்கக் காய்ந்த பிறகு முடி மேலே இருக்கும்படி டம்ளரில் வைக்கலாம். பன்றி முடி, சேபிள் போன்ற இயற்கை முடியைப் பூச்சி அரிக்கும். அவற்றை டப்பாவில் மூடி வைத்தால் கூடவே ஓர் அந்துருண்டை போடுங்கள்.

அக்ரிலிக் காய்ந்து இறுகிவிட்டதா?

நைலான் பிரஷ் என்றால் முடியை மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பூணிலிருந்து நுனி நோக்கிச் சீவுங்கள். பிறகு சோப்புப் போட்டு அலசுங்கள். இயற்கை முடியை ஆல்கஹால் வறட்டிவிடும் என்பதால் அதில் இதைச் செய்ய வேண்டாம். இவ்வளவு செய்தும் முடி சேரவில்லையா, சரி, தூக்கிப் போடாதீர்கள். மர இலையும் புல்லும் ஒற்றி வரைய விரிந்த பிரஷ்தான் வசதி.